ஏழாவது முறையில் தாண்டிய நான்காவது சுற்று: தமரின் தனசுகார்ன்

கேள்வி இதுதான்: "தாய்லாந்தின் தமரின் தனசுகார்ன் ஒரு கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன், ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) பட்டம்கூட ஜெயித்ததில்லை. தரவரிசையில் அதிகபட்சம் 19ஆவது இடம். அப்படியிருக்க, ஆசிய டென்னிஸ் பற்றிப் பேசும்போது அவர் பெயரை ஏன் இவ்வளவு மரியாதையோடு சொல்கிறார்கள்? லி நா, சானியா மிர்சா அளவுக்கு அவர் பெரிய ஆட்டக்காரரா?"

சுருக்கமான பதில் முதலில். சீனாவின் லி நா அளவுக்கு இல்லை. ஒற்றையரில் சானியாவை விட மேலே இருந்தவர். சானியாவின் உச்சம் 27ஆவது இடம், தமரினுடையது 19. ஆனால் தரவரிசை எண்ணையும் கோப்பைகளையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அவரைத் தவறவிட்டுவிடுவோம். அவரைப் புரிந்துகொள்ள விம்பிள்டனின் நான்காவது சுற்று என்ற ஒரே ஒரு கதவைப் பார்க்க வேண்டும். ஆறு முறை அந்தக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். ஏழாவது முறை திறந்தது. அப்போது அவருக்கு வயது 31.

இனி நிதானமாகச் சொல்கிறேன். பல வருடங்களாகப் பெண்கள் டென்னிஸைப் பின்தொடர்ந்து வருகிறேன், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தமரினைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்தக் குடும்பப் பெயர் வாய்க்குள் நுழையவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். தாய்லாந்து எழுத்தில் அதைப் பார்த்தால் நமக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. தன, சு, காஞ்சன என்று பிரியும் பெயர் அது. 'தன' செல்வம், 'காஞ்சன' பொன். காஞ்சனபுரி என்ற தாய்லாந்து ஊரின் பெயரில் இருப்பதும் அதே காஞ்சனம்தான். கடைசி எழுத்தின் ஒலியைத் தாய்லாந்து மொழி விழுங்கிவிடுவதால் 'காஞ்சன்' என்பது 'கான்' என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது 'கார்ன்' ஆகிவிட்டது. ரசிகர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை, அவர்களுக்கு அவர் வெறும் 'டாமி'.

பிறந்தது 1977 மே 24 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். விளையாடியது தாய்லாந்துக்கு. 1994இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். அடுத்த ஆண்டே, 18 வயதில், விம்பிள்டன் சிறுமியர் பிரிவின் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். அதில் போலந்தின் அலெக்சாண்ட்ரா ஓல்ஷாவிடம் நேர் செட்களில் தோற்றார். அந்தத் தோல்வியை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் வந்து சேர்ந்த இடம். தாய்லாந்து வெயில் கொளுத்தும் நாடு. அங்கே பிள்ளைகள் ஆடி வளர்வது கடினத் தரையில். புல்தரை என்பது வருடத்தில் சில வாரங்கள் மட்டும் ஐரோப்பாவில் கிடைக்கும் சங்கதி. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவருக்குப் புல்தரைதான் தாய்வீடு போல ஆனது.

அது ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இவருடைய முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

மொட்டைமாடியில் மழை பெய்து நின்றதும் ஒரு டென்னிஸ் பந்தை வேகமாகத் தரையோடு சாய்த்து எறிந்து பாருங்கள். காய்ந்த சிமெண்டில் இடுப்பு உயரத்துக்கு எழும்பும் பந்து, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு முழங்கால் உயரத்திலேயே ஓடிவிடும். புல்தரையில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். பந்து தரையைத் தொட்டதும் வேகம் அதிகம் குறைவதில்லை, அதிகம் எழும்புவதும் இல்லை. இப்போது, ஆட்டக்காரர் பந்தை எப்படி அடிக்கிறார் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாக மட்டையை உரசி டாப்ஸ்பின் கொடுத்தால் பந்து சுழன்று விழுந்து உயரமாக எழும்பும். களிமண் தரையில் அது பெரிய ஆயுதம். புல்லில் அந்தச் சுழற்சியின் பலன் பாதிக்கு மேல் போய்விடும். மட்டையை நேராகக் கொண்டுவந்து தட்டையாக அடித்தால், வலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும் பந்து புல்லில் பட்டதும் எதிராளியின் கணுக்காலைத் தேடிப் போகும்.

தமரின் தட்டையாக அடிப்பவர். உயரம் சுமார் 165 செண்டிமீட்டர்தான். வில்லியம்ஸ் சகோதரிகளும் டாவன்போர்ட்டும் ஷரபோவாவும் இருந்த காலத்தில் இது குட்டையான உருவம். மற்ற தரைகளில் உயரமாக எழும் பந்து அவருக்குத் தோளுக்கு மேலே வந்து தொல்லை கொடுத்தது. புல்லிலோ அதே உடல்வாகு சாதகமானது. அவர் ஆட்டத்தைப் பழைய பதிவுகளில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் அவருடைய முழங்கால்களைப் பாருங்கள். அடிப்பதற்கு முன் உட்கார்வது போல இறங்குவார், மட்டையைப் பின்னால் வெகு தூரம் கொண்டுபோக மாட்டார், பந்து எழும்பத் தொடங்கும்போதே சந்தித்துத் திருப்பிவிடுவார். பின்னால் ஓங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாதவருக்குப் புல்தரையின் வேகம் பயமில்லை. எதிராளி அனுப்பிய வேகத்தையே கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு கை பேக்ஹேண்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சரி, அந்த நான்காவது சுற்றுக் கணக்குக்கு வருவோம். விம்பிள்டனில் 128 பேர் தொடங்குவார்கள். மூன்று சுற்று ஜெயித்தால் கடைசி 16 பேரில் ஒருவர். தமரின் 1998இல் அங்கே வந்தார், அப்போதைய சாம்பியன் மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1999இலும் வந்தார், 17 வயது மிர்யானா லூசிச்சிடம் தோற்றார். 2000இல் மறுபடி வந்தார். எதிரே செரீனா வில்லியம்ஸ். 6-1, 6-1. 2001இலும் கடைசி 16. 2002இல் மோனிகா செலஸ் எதிரே நின்றார், அதுவும் தோல்வி. ஆக, தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள். ஒரு வருடம் விட்டு 2004இல் ஆறாவது முறை. இந்த முறை எதிராளி ஜப்பானின் ஐ சுகியாமா. ஆசியாவின் இரண்டு மூத்த ஆட்டக்காரர்கள் காலிறுதி இடத்துக்காக மோதினார்கள், ஜெயித்தவர் சுகியாமா. அவர் காலிறுதியில் 17 வயது ஷரபோவாவிடம் தோற்க, ஷரபோவா அந்த ஆண்டு கோப்பையையே தூக்கினார்.

இதை வாசிக்கும்போது "ஆறு முறை ஒரே இடத்தில் தோற்றவர்" என்று தோன்றலாம். நான் அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். ஆறு முறை அந்த இடத்துக்கு வருவதற்கு விம்பிள்டனில் 18 ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். அதுவும் வருடத்தில் ஐந்தாறு வாரம் மட்டும் இருக்கும் ஒரு தரையில். முதல் பத்து இடங்களுக்குள் இருந்த எத்தனையோ பேர் விம்பிள்டனின் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். தமரின் ஜூன் கடைசி வாரத்தில் லண்டனில் இருப்பார் என்பது அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட நிச்சயம்.

விம்பிள்டனுக்கு வெளியே அவருடைய நல்ல காலம் 2000 முதல் 2003 வரை. 2000 ஜனவரியில் பெர்த் நகரில் நடந்த ஹாப்மன் கோப்பையில் பாரடார்ன் ஸ்ரீசாப்பனோடு சேர்ந்து தாய்லாந்தை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று கலந்து ஆடும் போட்டி அது. இறுதியில் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. பாரடார்ன் அப்போது பெரிய பெயர் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து விம்பிள்டனில் ஆந்த்ரே அகாசியைத் தோற்கடித்து, 2003இல் உலகத் தரவரிசையில் 9ஆவது இடத்துக்குப் போனார். தாய்லாந்தில் டென்னிஸ் பித்துப் பிடித்த வருடங்கள் அவை. பெரும்பாலான வெளிச்சம் பாரடார்ன் மேல்தான் விழுந்தது. ஆனால் அந்த வெளிச்சம் வருவதற்கு முன்பே, தனியாளாக விம்பிள்டன் இரண்டாவது வாரத்தில் தாய்லாந்து என்ற பெயரை எழுதி வைத்திருந்தவர் தமரின். இதைப் பலரும் சொல்வதில்லை என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

2000இல் பர்மிங்காம் புல்தரைப் போட்டியின் இறுதியில் லிசா ரேமண்டிடம் மூன்று செட்டில் தோற்றார். 2001இல் டோக்கியோ இறுதியில் செலஸிடம். 2002 தொடக்கத்தில் கான்பெராவில் ஆனா ஸ்மாஷ்னோவாவிடம், அப்புறம் தோஹாவில் மறுபடி செலஸிடம். இந்த நான்கு இறுதிகளிலும் கோப்பை கைநழுவியது. ஆனால் கடைசி மூன்று இறுதிகளின் புள்ளிகளும் சேர்ந்து 2002 மே மாதம் அவரை 19ஆவது இடத்துக்கு ஏற்றின. உலகின் முதல் 20 பேரில் ஒருவர், கையில் ஒரு ஒற்றையர் பட்டமும் இல்லாமல்!

முதல் பட்டம் கிடைத்த இடம் நமக்குப் பக்கம்தான், ஹைதராபாத். 2003 பிப்ரவரியில் அங்கே முதன்முதலாக டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டி நடந்தது. இறுதியில் உஸ்பெகிஸ்தானின் இரோடா துல்யகனோவாவை 6-4, 6-4 என்று ஜெயித்தார். அவருக்கு 25 வயது. அதே போட்டியில், உள்ளூர்ப் பெண் என்பதால் வைல்டு கார்டு (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) கொடுக்கப்பட்டு, 16 வயது சானியா மிர்சா டபிள்யூடிஏ ஒற்றையரில் முதல்முறையாக ஆடினார், முதல் சுற்றிலேயே வெளியேறினார். இரண்டு ஆண்டு கழித்து அதே ஹைதராபாத்தில் அதே கோப்பையை சானியா ஜெயித்தார் என்பது நமக்குத் தெரிந்த கதை. அந்தக் கோப்பையில் முதலில் பொறிக்கப்பட்ட பெயர் யாருடையது என்று கேட்டால் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

அதே 2003இல் இரட்டையரில் ஒரு சுவாரசியமான கூட்டணி. 16 வயது ஷரபோவாவோடு சேர்ந்து டோக்கியோவிலும் லக்சம்பர்கிலும் பட்டம் ஜெயித்தார் தமரின். ஷரபோவா தன் வாழ்க்கையில் ஜெயித்த இரட்டையர் பட்டங்களே மூன்றுதான். அதில் இரண்டு தமரினோடு. அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனிலும் நான்காவது சுற்று வரை போனார். 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனிலும் அப்படி. விம்பிள்டனுக்கு வெளியே கிராண்ட்ஸ்லாம்களில் அவருடைய எல்லை அதுதான்.

2004க்குப் பிறகு இறக்கம். இதில் விவரிக்க அதிகம் இல்லை. வயது ஏற ஏறத் தரவரிசை சரிந்து, 2008 கோடையில் எண்பதுகளில் வந்து நின்றது. ஆனால் அந்த இடத்தில் நிற்பது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் டென்னிஸில் கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகள்தான் கணக்கு. போன வருடம் இதே வாரம் சம்பாதித்த புள்ளி இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிற்கிற இடத்திலாவது நிற்கலாம். எண்பதுகளில் இருப்பவருக்குச் சிறிய, நல்ல போட்டிகளின் பிரதானச் சுற்றில் நேரடியாக இடம் கிடைக்காது. முன்கூட்டியே போய்த் தகுதிச் சுற்று ஆட வேண்டும். ரசிகர்கள் இல்லாத ஓரத்து மைதானத்தில், பாதி வயதுப் பெண்களோடு. விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர் செலவு எல்லாம் ஆட்டக்காரர் தலையில். முதல் 20 பேரில் இருந்து அந்த வசதிகளுக்குப் பழகிவிட்டு, 31 வயதில் திரும்பவும் தகுதிச் சுற்றுக்கு வருவதற்கு மனம் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தில் விலகிவிடுவார்கள். நான் விலகியிருப்பேன்.

அவர் விலகாமல் போய்ச் சேர்ந்த ஊர், நெதர்லாந்தில் சேர்டோகன்போஸ் பக்கத்தில் இருக்கும் ரோஸ்மாலன். அப்போது விம்பிள்டனுக்கு முந்தைய வாரம் அங்கே புல்தரைப் போட்டி நடந்துவந்தது. தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தார், பிரதானச் சுற்றிலும் ஒவ்வொருவராகத் தாண்டி இறுதி வரை போனார். இறுதியில் எதிரே நின்றவர் தினாரா சஃபினா. இரண்டு வாரம் முன்புதான் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஆடிவிட்டு வந்தவர், அந்த நேரத்தில் உலகிலேயே மிகச் சிறப்பாக ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். 7-5, 6-3. தமரின் ஜெயித்தார். ஹைதராபாத்துக்குப் பிறகு ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பட்டம்.

அடுத்த வாரமே விம்பிள்டன். தரவரிசை 60.

2008 விம்பிள்டன் பெண்கள் பிரிவு விநோதமான ஒன்று. போட்டித் தரவரிசையில் முதல் நான்கு இடத்தில் இருந்த இவானோவிச், யாங்கோவிச், ஷரபோவா, குஸ்னெட்சோவா ஆகியோரில் ஒருவர்கூடக் காலிறுதிக்கு வரவில்லை. அந்த நால்வரில் முதல் இருவரை அனுப்பி வைத்தவர்கள் ஆசியப் பெண்கள். உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான இவானோவிச்சை மூன்றாவது சுற்றில் வீழ்த்தியவர் சீனாவின் ஜெங் ஜீ. அவர் 133ஆவது இடத்தில் இருந்தவர், வைல்டு கார்டில் வந்து அரையிறுதி வரை போனார். யாங்கோவிச்சை வீழ்த்தியவர் நம் தமரின்.

இரண்டாவது சுற்றில் வேரா ஸ்வோனரேவாவை ஜெயித்தார். மூன்றாவது சுற்றில் நியூசிலாந்தின் மரினா எராகோவிச்சை ஜெயித்தார். மறுபடியும் நான்காவது சுற்று. இரண்டாவது வாரத்தின் திங்கள்கிழமை, 18ஆம் எண் மைதானம். யாங்கோவிச்சுக்கு அந்தப் போட்டியில் தொடர்ந்து ஜெயித்தால் உலகின் முதல் இடமே கிடைக்கக்கூடிய நேரம் அது (ஆகஸ்டில் அவர் அந்த இடத்தைப் பிடித்தும் விட்டார்). முந்தைய ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு, வலியோடு வந்திருந்தார். இரண்டாம் நிலையில் இருப்பவரை இவ்வளவு ஓரமான மைதானத்தில் போட்டுவிட்டார்களே என்று ஆட்டம் முடிந்ததும் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதனால் இந்த ஆட்டத்தை நினைவு வைத்திருப்பவர்கள்கூட யாங்கோவிச்சின் முழங்காலையும் மைதானத்தின் எண்ணையும்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. வலி உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலிக்கும் ஒருவரை எப்படி ஆட வைப்பது என்பது தெரிய வேண்டுமே! யாங்கோவிச்சின் பலம் தற்காப்பு, ஓட்டம். எந்த மூலைக்கு அடித்தாலும் ஓடிப்போய் எடுத்துத் திருப்புவார், கடைசியில் நீங்கள் பொறுமை இழப்பீர்கள். அப்படிப்பட்டவரிடம் தாழ்வாக, தட்டையாக, வேகமாகப் பந்து போனால் ஒவ்வொரு பந்துக்கும் குனிய வேண்டும். தமரின் பதினைந்து வருடமாக ஆடிவந்த ஆட்டமே அதுதான். யாருக்காகவும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 6-3, 6-2.

காலிறுதி. தாய்லாந்துக்காக ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் காலிறுதிக்கு வந்த முதல் ஆள். பாரடார்ன்கூட நான்காவது சுற்றைத் தாண்டியதில்லை. 1998இல் 21 வயதில் முதன்முதலாகத் தட்டிய கதவு, பத்து வருடம் கழித்துத் திறந்தது.

உள்ளே காத்திருந்தவர் வீனஸ் வில்லியம்ஸ். புல்தரையில் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். ஆட்டம் 6-4, 6-3 என்று வீனஸ் பக்கம் போனது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் சாதாரணத் தோல்வி. வீனஸ் அந்த ஆண்டு ஒரு செட்டைக்கூட இழக்காமல் ஐந்தாவது விம்பிள்டன் பட்டத்தை ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வீனஸிடம் ஏழு கேம் எடுத்தார் 60ஆவது இடத்தில் இருந்த தமரின். 2000இல் தங்கை செரீனாவிடம் எடுத்தது இரண்டே இரண்டு கேம்.

பெரும்பாலான கதைகள் இங்கே முடிந்துவிடும். இவருடையது முடியவில்லை. 2009 ஜூனில் மறுபடி ரோஸ்மாலன். சஃபினா இப்போது உலகின் முதல் இடத்தில் இருந்தார். அரையிறுதியில் சந்தித்தார்கள். 7-5, 7-5, தமரின்தான். உலகின் முதல் இடத்தில் இருப்பவரை ஜெயித்துவிட்டு, இறுதியில் பெல்ஜியத்தின் யனினா விக்மயரை 6-3, 7-5 என்று முடித்துக் கோப்பையைத் தக்கவைத்தார். 32 வயது. முதல் வருட வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் இருந்தால், இரண்டாவது வருடம் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

2010 அவருக்கு இனிப்பும் கசப்புமான வருடம். சொந்த நாட்டில் நடந்த பட்டாயா போட்டியின் இறுதிக்கு வந்து, ஸ்வோனரேவாவிடம் தோற்றார். ஊர் மக்கள் முன்னால் ஒற்றையர் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு அதோடு போனது. அக்டோபரில் ஒசாகா. அங்கே இறுதியில் எதிராளி ஜப்பானின் கிமிகோ டாட்டே. 1990களில் உலகின் 4ஆவது இடம் வரை போய், ஓய்வு பெற்று, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். சில வாரம் முன்புதான் 40 வயதை முடித்திருந்தார். தமரினுக்கு 33. இருவரின் வயதையும் கூட்டினால் 73. அந்த இறுதியின் ஸ்கோர் 7-5, 6-7, 6-1. இரண்டாவது செட்டை, 6-6 ஆனால் ஆடும் டைபிரேக்கரில் விட்டுவிட்டு, மூன்றாவது செட்டை 6-1 என்று எடுப்பதற்குக் காலில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். அதுதான் அவருடைய நான்காவது, கடைசி ஒற்றையர் பட்டம்.

நான்கில் மூன்று பட்டங்கள் 31 வயதுக்குப் பிறகு வந்தவை. இன்று முப்பதைத் தாண்டி ஆடுவது சாதாரணமாகிவிட்டது. உடற்பயிற்சியாளர், உணவு, சிகிச்சை எல்லாம் மாறிவிட்டன. 2008இல் அப்படி இல்லை. பெண்கள் டென்னிஸில் 31 என்றால் விடைபெறும் வயது. பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனான் அந்த ஆண்டு மே மாதம் 25 வயதில், முதல் இடத்தில் இருக்கும்போதே ஓய்வை அறிவித்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த மாதம்தான் தமரின் ரோஸ்மாலனில் தகுதிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஒப்பீட்டுக்கு வருகிறேன். லி நா 2011இல் பிரெஞ்சு ஓப்பனை ஜெயித்து, ஆசியாவின் முதல் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் சாம்பியன் ஆனார். அவரோடு யாரையும் சேர்த்துப் பேச முடியாது. ஆனால் லி நாவுக்கும் ஜெங் ஜீக்கும் பின்னால் சீனாவின் விளையாட்டு அமைப்பு இருந்தது. ஜப்பானியப் பெண்களுக்கு டாட்டே, சுகியாமா என்று ஒரு தொடர்ச்சி இருந்தது. சானியா இந்தியாவில் விளம்பரங்களின் நாயகியாக, பத்திரிகைகளின் முதல் பக்கமாக வளர்ந்தார், அதற்கேற்ற சுமையையும் சுமந்தார், அப்புறம் இரட்டையரில் உலகின் முதல் இடத்துக்கே போனார். தமரினுக்கு முன்னால் தாய்லாந்தில் அப்படி வழிகாட்ட ஒரு பெண் இல்லை. கூடவே நடக்கவும் வெகு நாள் யாரும் இல்லை. என் கருத்தில் அவருடைய 19ஆவது இடத்தை அந்தப் பின்னணியோடு வைத்துத்தான் எடை போட வேண்டும். அப்படிப் போட்டால், கோப்பைக் கணக்கில் தெரிவதை விடப் பெரிய ஆட்டக்காரராகத் தெரிவார். அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என்று நான்கு ஒலிம்பிக்கில் தாய்லாந்துக்காக ஆடினார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. செர்வ் அவருக்கு எளிதாகப் புள்ளி வாங்கிக் கொடுக்கும் ஆயுதமாக இருந்ததில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் இரண்டாவது செர்வ் மீது பாய்ந்தபோது தப்பிக்க வழி இல்லாமல் போனது. களிமண் தரை அவருக்குக் கடைசி வரை வசப்படவில்லை. பிரெஞ்சு ஓப்பனில் மூன்றாவது சுற்றைத் தாண்டியதே இல்லை. முதல் பத்து இடத்துக்குள் அவர் வராததற்குக் காரணம் இவைதான் என்று நினைக்கிறேன்.

ஒற்றையரில் வேகம் குறைந்த பிறகும் இரட்டையர் இருந்தது. இரட்டையரில் 2004இலேயே 15ஆவது இடம் வரை போயிருந்தவர். 2011 விம்பிள்டனில், 34 வயதில், இரட்டையர் அரையிறுதிக்கு வந்தார். ஜோடி யார் தெரியுமா? மரினா எராகோவிச். 2008இல் மூன்றாவது சுற்றில் இவரிடம் தோற்றாரே, அதே நியூசிலாந்துப் பெண். அரையிறுதியில் லிசிக்கி, ஸ்டோசர் ஜோடியிடம் தோற்றார்கள்.

அவருக்குப் பிறகு தாய்லாந்தில் யார் என்று கேட்டால் இரண்டு பெயர்களைச் சொல்வேன். ஒருவர் நோப்பவன் லெர்ட்சீவகார்ன். 2009இல் விம்பிள்டன் சிறுமியர் பட்டத்தை ஜெயித்தவர். 1995இல் தமரின் இறுதியில் தோற்ற அதே பட்டம். இன்னொருவர் லக்சிகா கும்கும். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டையும் இரண்டு கையால் அடிப்பவர். 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் பெட்ரா க்விட்டோவாவை வெளியேற்றினார். 2018இல் அதே போட்டியில் மூன்றாவது சுற்று வரை போனார். தமரின் தொட்ட உயரத்தை இவர்கள் இருவருமே ஒற்றையரில் தொடவில்லை. ஆனால் 1995இல் தமரின் தனியாக நின்றது போல இவர்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை.

2014 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நமக்கு அது சானியா, பிரார்த்தனா தோம்ப்ரே ஜோடியின் வெண்கலமாக நினைவிருக்கும். அவர்களை அரையிறுதியில் தோற்கடித்த தைவான் ஜோடி, ஷியே சு வெய்யும் சான் சின் வெய்யும், இறுதிக்கு வந்தது. அங்கே அவர்களை ஜெயித்துத் தங்கம் வாங்கியது தாய்லாந்து ஜோடி. ஒரு பக்கம் 21 வயது லக்சிகா. பக்கத்தில், அவர் பிறந்த வருடத்துக்கு அடுத்த வருடமே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்ட, 37 வயது தமரின்.